பத்து லட்சத்து மூன்று

நூறாவது பக்கத்தைத் திருப்பிய குருக்கள், கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"மேடம், இதுல மூணு இருக்கே."

ஒன்றுதான் இருக்க வேண்டும். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் டேபிள் டென்னிஸ் மேசையைப் போட்டு, அதன்மேல் புது வேட்டி விரித்து, நூற்றொரு நோட்டுகளை அடுக்கியிருந்தோம். நூறு நோட்டுகளைப் பார்த்து முடித்தாயிற்று. நூறிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் 'பிள்ளையாரே சரணம்' என்று எழுதியிருந்தது. மீதிக் கட்டங்கள் காலி. நூற்றொன்றாவது நோட்டில் மட்டும் மூன்று கட்டங்கள் நிரம்பியிருந்தன.

அந்த நோட்டின் தாள்கள் ஈரம் பட்டுக் காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. லேசாக வாசனையும் வந்தது. சாம்பிராணி வாசனை அல்ல, மத்தி மீன் வாசனை.

அது தேசம்மா அக்காவின் நோட்டு. எங்கள் கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் உட்கார்ந்து மீன் விற்பவர். கூடுதலான அந்த இரண்டு கட்டங்களால், அவருக்குக் கிடைக்கவிருந்த மாமரத்து நிழல் கைநழுவப் போகிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவரை இந்த வம்பில் இழுத்துவிட்டது நான்தான் என்பதும் கூடவே புரிந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு மேடவாக்கத்து வாசகி ஒருவர், "உங்கள் குடியிருப்பில் நல்லதே நடக்காதா?" என்று கேட்டிருக்கிறார். நடக்கும் அம்மா. சண்டை வழியாகத்தான் வரும், அவ்வளவுதான்.

எண்களோடு குடித்தனம்

நான் கணக்கு டீச்சர் இல்லை. தாம்பரத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். இருபது வருடம் காதில் எண்களே விழுந்துகொண்டிருந்தால் சிலருக்குத் தலைவலி வரும். எனக்குப் பாசம் வந்துவிட்டது.

ஒரு எண்ணைக் கண்டால் அதை உடைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரை ஏழால் வகுப்பேன், பதினொன்றால் வகுப்பேன், பதின்மூன்றால் வகுப்பேன். வகுபட்டால் ஒரு அற்ப சந்தோஷம். எதற்கும் மசியாமல் நின்றால் அந்த வண்டிக்காரரைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்வேன். அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சரிசெய்துகொண்டார்.

என் கணவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பாடத் தெரியுமா என்று அவருடைய அத்தை கேட்டார். தெரியாது என்றேன். வேறென்ன தெரியும் என்றார். வாசலில் நின்ற அவர்கள் ஸ்கூட்டரின் நம்பர் 4123. அது ஏழு, பத்தொன்பது, முப்பத்தொன்று மூன்றையும் பெருக்கினால் வருவது என்றேன். அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். இன்றுவரை பெரிய நஷ்டமில்லை.

எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு பூனை இருக்கிறது. வந்து ஏழு வருடமாகிறது. வீட்டுக் காரியம் எதிலும் அதன் பங்கு பூஜ்யம் என்பதால் 'சைபர்' என்று பெயர் வைத்தோம். எத்தனை போட்டாலும் உடம்பு தேறாத பூனை.

வாரத்துக்கு இரண்டு தடவை நான் மீன் வாங்கப் போவேன். சைபரும் கூட வரும். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வரும் தேசம்மா அக்கா, சைபரைப் பார்த்து ஒவ்வொரு தடவையும், "இன்னாம்மா இது, இப்டி எளச்சிக் கீது?" என்று கேட்பார். பத்து மத்தி எண்ணிப் போடுவார். பிறகு எண்ணாமல் இரண்டைத் தூக்கி மேலே போடுவார். கொசுறு. மற்றவர்களுக்கு ஒன்றுதான், சிலருக்கு அதுவும் இல்லை. எனக்கு மட்டும் இரண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முன்பெல்லாம் அவர் மாடிக்கே வந்துகொண்டிருந்தார். லிஃப்டில் நாற்றம் என்று பி பிளாக்கில் புகார் கிளம்பி, மீன் கூடை கேட்டைத் தாண்டக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். அதிலிருந்து ரோட்டோரம்தான். சென்ற வருடம் அங்கேயும் கால்வாய்க்காகப் பள்ளம் தோண்டினார்கள். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் தண்ணீர் லாரி, உச்சி வெயில். கேட்டுக்கு உள்ளே குழாய்ப் பக்கத்தில் மாமர நிழல் சும்மா விழுந்து கிடக்கும். தீர்மானம் போட்ட அன்று நானும் கூட்டத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஒன்று

எங்கள் சங்கத் தலைவர் தணிகாசலம் அண்ணன் செம்பாக்கத்துக்காரர். எங்கள் குடியிருப்பு நிற்பதே அவர்கள் குடும்பத்து நெல் வயலில்தான். கேட் ஓரத்தில் இருக்கும் பிள்ளையார், வரப்பில் இருந்த காலத்திலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். சின்னதாக விமானம் கட்டிக் கும்பாபிஷேகம் செய்வது என்று முடிவானபோது, பத்து லட்சம் தடவை நாமம் எழுதி அந்த நோட்டுகளைப் பீடத்துக்கு அடியில் வைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பத்து லட்சம் அல்ல, பத்து லட்சத்து ஒன்று.

"சைபர்ல முடிக்கக் கூடாது மேடம்" என்றார். "ஒண்ணு வெச்சாத்தான் பங்கு பிரியாது. பிரியக் கூடாதுன்னுதான் எங்க ஆளுங்க எதுக்கும் ஒண்ணு வெக்கிறது."

ஏழு அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்த நிலத்தில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார்.

இந்த ஒன்றைக் கூட்டும் பழக்கத்தில் எனக்கு நீண்ட நாள் சந்தேகம் உண்டு. சேலையூர்ப் பக்கம் ஒரு கோயிலில் ஒருமுறை ஆஞ்சநேயருக்கு ஆயிரத்தொரு வடை மாலை சாத்தினார்கள். கேட்டால் அதே காரணம்தான் சொன்னார்கள். ஆனால் ஆயிரத்தொன்றைப் போலச் சமர்த்தாகப் பிரியும் எண் கிடையாது. ஏழு பேர் என்றால் ஆளுக்கு நூற்று நாற்பத்து மூன்று வடை. பதினோரு பேருக்குத் தொண்ணூற்றொன்று. பதின்மூன்று பேருக்கு எழுபத்தேழு. ஒரு துணுக்குகூட மிஞ்சாது. அன்று என் கைக்கு வந்தது ஒரே ஒரு வடை என்பது வேறு விஷயம்.

பி பிளாக் மோகன் சார் மென்பொருள்காரர். காய்கறி வாங்கக்கூட எக்ஸெல் ஷீட் போடுபவர். அவர் ஒரே நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டார். ஏ பிளாக்கில் நாற்பத்தெட்டு வீடு, பி பிளாக்கில் நாற்பத்தெட்டு வீடு. குருக்கள், வாட்ச்மேன், பெருக்குகிற அம்மா, இஸ்திரிக்காரர் நான்கு பேர். ஆக மொத்தம் நூறு. வீட்டுக்கு ஒரு நோட்டு, ஆளுக்குப் பத்தாயிரம். நோட்டும் அப்படியே அச்சானது: ஒரு பக்கத்துக்கு நூறு கட்டம், நூறு பக்கம்.

"நூறு பேர் பத்தாயிரம் எழுதினா பத்து லட்சம்தானே?" என்று என் கணவர் கேட்டார். "அந்த ஒண்ணை யார் எழுதறது?"

வாயை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம்.

தலைவர் எழுதட்டும் என்றது ஏ பிளாக். தலைவர் ஏ பிளாக்காயிற்றே, அப்படியென்றால் அந்தப் பக்கத்துப் புண்ணியம் ஒன்று கூடிவிடுமே என்றது பி பிளாக். குருக்கள் எழுதட்டும் என்றார்கள். குருக்கள் வண்டியை ஏ பிளாக் நிழலில் நிறுத்துகிறார் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். மூன்று வாரம் இதே பேச்சு. குப்பை எடுக்க ஆள் வராததற்குக்கூட இவ்வளவு பேர் கூட்டத்துக்கு வந்ததில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், எழுத வேண்டும். நாள் போய்க்கொண்டே இருந்தது.

நூற்றொன்றாவது ஆள்

அந்த எண்ணை நான் ஏற்கெனவே உடைத்து வைத்திருந்தேன். பால் பொங்கும் நேரத்துக்குள் உடைந்துவிட்டது. பத்து லட்சத்து ஒன்று, நூற்றொன்றால் மிச்சமில்லாமல் வகுபடும். ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. அதற்கு மேல் அந்த இரண்டும் உடையாது. எங்களைப் போன்ற கூட்டத்துக்குத் தோதாக வேறு எந்த வழியும் இல்லை: நூறு பேருக்குப் பிரியாத எண், நூற்றொரு பேருக்கு அழகாகப் பிரியும்.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இன்னும் ஒரே ஒரு ஆள் கிடைத்தால் ஆளுக்குச் சரியாக 9901. அதாவது தொண்ணூற்றொன்பது பக்கம் முழுதாக, நூறாவது பக்கத்தில் ஒரே ஒரு கட்டம். யாருக்கும் கூடாது, யாருக்கும் குறையாது.

கைதட்டினார்கள். பிரியக் கூடாது என்று கூட்டிய ஒன்றை வைத்தே நான் அதைப் பிரித்துவிட்டேன் என்பதைத் தணிகாசலம் அண்ணன் உட்பட யாரும் கவனிக்கவில்லை. கைதட்டு நின்றுவிடுமோ என்று நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நூற்றொன்றாவது ஆள் ஏ பிளாக்காகவும் இருக்கக் கூடாது, பி பிளாக்காகவும் இருக்கக் கூடாது, இரண்டிலும் சொந்தபந்தம் கூடாது என்றார் மோகன் சார். "ஃபேரா இருக்கணும் இல்லையா மேடம்." ஆளைப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் தண்ணீர் லாரி டிரைவர் ஒப்புக்கொண்டார். பயபக்தியோடு நோட்டை வாங்கி டேஷ்போர்டில் வைத்தார். அடுத்த நாள் லாரி கம்பெனியில் அவரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் எங்கள் நோட்டு மேடவாக்கத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது உள்ளே நாமம் ஒன்றும் இல்லை. அட்டையில் ஆறு அடுக்குமாடிகளுக்கு வழி எழுதியிருந்தது.

புது நோட்டோடு கேட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே, பள்ளத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தேசம்மா அக்கா ஒரு வஞ்சிரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஏ பிளாக்கும் இல்லை, பி பிளாக்கும் இல்லை. இரண்டு பிளாக்குமே இப்போது அவரை உள்ளே விடுவதில்லை. அதைவிடப் பொதுவான ஆளுக்கு நான் எங்கே போவேன்?

போய் விஷயத்தைச் சொன்னேன். எட்டாவது வரை படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். முழுவதும் கேட்டுக்கொண்டார். கத்தியைக் கழுவி வைத்தார்.

"சாமிய எழுத நான் வோணும், உள்ள குந்த நான் வோணாமா?" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மாமரத்தடியைக் காட்டினார். குழாய்ப் பக்கத்தில் கூடை வைக்க அந்த இடம் கொடுத்தால் எழுதுகிறேன் என்றார். லிஃப்ட் வேண்டாம், மாடி வேண்டாம், நிழல் மட்டும் போதும்.

கூட்டத்தில் ஒரு மணி நேரம் மோதிக்கொண்டார்கள். இந்தத் தடவை நான் வாயை மூடவில்லை. தணிகாசலம் அண்ணன் வீட்டில் வாரம் நாலு நாள் மீன் குழம்பு. அவருக்கு மனசு இருந்தது, தைரியம்தான் இல்லை. கடைசியில் மோகன் சார் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். சங்கத்துப் புத்தகத்தில் எழுதினார்கள்: ஆளுக்குச் சரியாக 9901. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மாமரத்து ஒப்பந்தம் செல்லாது.

அந்த வரியை அக்காவிடம் நான் சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு எழுத மாட்டாரோ என்று பயந்தேன். 9901 எழுதினால் போதும் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

நாற்பத்தெட்டு நாள்

எழுதத் தொடங்கியதும் குடியிருப்பே பரீட்சை ஹால் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கமும் கொஞ்சமும் எழுத வேண்டும். ஆபீஸ் கேப்பில் உட்கார்ந்து எழுதினார்கள், குக்கர் விசிலுக்கு நடுவே எழுதினார்கள். வாட்ச்மேன் எழுதுவதில் மூழ்கி, வரும் கார்களுக்கெல்லாம் சும்மா கேட்டைத் திறந்து வைத்துவிட்டார். மோகன் சார் தினமும் காலையில் வாட்ஸப்பில் பிளாக் வாரியாகப் படம் வரைந்து போட்டார். என் கணவர் கட்டை விரலில் தைலம் தடவிக்கொண்டு, ஸ்கூட்டர் நம்பர் கேட்டு மயங்கிய அன்றைக்கே இதை யோசித்திருக்க வேண்டும் என்றார்.

தேசம்மா அக்கா வியாபாரத்துக்கு நடுவே எழுதினார். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நாலு கட்டம் எழுதுவார். ஒரு ஆள் வந்து இறால் கேட்பார். எடை போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி கையைக் கழுவி, மறுபடி நாலு கட்டம். நாற்பத்தேழாவது நாளே முடித்துவிட்டார். நூற்றொரு பேரில் முதலில் முடித்தவர் அவர்தான்.

கூட்டிப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றுதான் குருக்கள் கண்ணாடியைத் துடைத்தார்.

மறுபடியும் நூறாவது பக்கம்

மூன்று கட்டங்களையும் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் மூன்றுதான். மொத்தம் பத்து லட்சத்து மூன்று.

இரண்டை வெள்ளை மை வைத்து அழித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எழுதின நாமத்தை அழிக்கக் கூடாது என்று குருக்கள் காதைப் பொத்திக்கொண்டார். அப்படியானால் ஒப்பந்தம் செல்லாது என்றார் மோகன் சார். எதற்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்று தலைவர் தள்ளிப்போட்டார். கேட்டுக்கு வெளியே அக்கா ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை முதல் உள்ளே வரலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அன்று அவர் பக்கம் போகவே எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, மனசு சரியில்லாதபோது நான் செய்வதைச் செய்தேன். தேதி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு வகுக்க உட்கார்ந்தேன்.

நூற்று அறுபத்தெட்டு

பத்து லட்சத்து மூன்றை மூன்றால் வகுத்தேன். மீதி ஒன்று. ஏழால் வகுத்தேன், மீதி நாலு. பதினொன்றுக்கும் நாலு, பதின்மூன்றுக்கும் நாலு. பதினேழுக்குப் பன்னிரண்டு. இருபத்து மூன்றுக்கு ஒன்பது. எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. முப்பத்தேழில் எப்படியும் உடைந்துவிடும் என்று நினைத்தேன். மீதி நாலு.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு எண் இரண்டு பெருக்கல் துண்டுகளாக உடைய வேண்டுமென்றால், இந்த அளவு எண்ணுக்கு ஒரு துண்டாவது ஆயிரத்துக்குள் இருந்தாக வேண்டும். ஆயிரத்துக்குள் தன்னாலும் ஒன்றாலும் தவிர வகுபடாத பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. அத்தனையாலும் வகுத்துப் பார்த்து ஒன்றிலும் உடையவில்லை என்றால், பத்து லட்சத்து மூன்றும் பகா எண். உலகத்தில் எத்தனை பேருக்கும் அதைச் சமமாகப் பங்கு போட முடியாது.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் சாம்பார் அடிபிடித்தது, ரசம் மட்டும் என் கணவர் கைவண்ணத்தில் கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானம் காபி வைத்துவிட்டு, இன்னும் எத்தனை என்று கேட்டார். தொண்ணூறு என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனவர், கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு காலண்டர் தாள் கிழித்துக்கொண்டு வந்தார். அதில் இரண்டு அடுத்த மாதத்துத் தேதிகள்.

நூற்றொன்றால் வகுத்தபோது மீதி இரண்டு வந்தது. அக்கா போட்ட அதே இரண்டு. அதைப் பார்த்துக் கொஞ்சம் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஞாயிறு காலை குளிப்பதற்கு முன் கடைசியாகத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி பன்னிரண்டு. உடையவில்லை.

கூட்டத்தில் மோகன் சார் ஒரு சமரசம் கொண்டுவந்திருந்தார். மற்ற நூறு பேரும் ஆளுக்கு இரண்டு கூடுதலாக எழுதிவிட்டால் எல்லாருக்கும் 9903, சமமாகிவிடும் என்றார். அது பத்து லட்சத்து இருநூற்று மூன்று ஆகும், நூற்றொன்றால் மட்டுமில்லை, மூன்றாலும் உடையும் என்றேன். உடைந்தால் என்ன என்றார்.

நான் தலைவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா, எதுக்கு ஒண்ணு வெக்கணும்னு சொன்னீங்க?"

"பங்கு பிரியக் கூடாதுன்னு."

"நீங்க வெச்ச ஒண்ணு நூத்தியொரு பங்காப் பிரிஞ்சுதே. பிரிச்சுக் குடுத்ததே நான்தான். அந்த அக்கா மேல ரெண்டு போட்டிருக்காங்க. இப்ப யார் வந்தாலும் பிரிக்க முடியாது."

காலண்டர் தாள்களை மேசையில் வைத்தேன். நூற்று அறுபத்தெட்டு வகுத்தல். மோகன் சார் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினார். இரண்டு விநாடி ஆகியிருக்காது.

"கரெக்ட்தான். ப்ரைம் நம்பர்" என்றார்.

இரண்டு நாள், ஒரு பேனா, இரண்டு சாம்பார். இதைத் தட்டிப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கணவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அந்த அக்கா ஏன் கூடப் போட்டார் என்று ஒருவர் கேட்டார். எனக்குத்தான் அவரை நன்றாகத் தெரியுமே. எண்ணிக் கொடுத்துப் பழக்கமில்லாதவர், கை தன்னால் இரண்டு மேலே போட்டுவிடும், பிள்ளையாருக்கும் கொசுறு போட்டிருக்கிறார் என்று விளக்கினேன். சிரித்தார்கள். சிரித்த கூட்டம் மறுக்காது. தணிகாசலம் அண்ணன் எழுந்து, "மாமரம் அவங்களுக்குத்தான். இனிமே அதப் பத்திப் பேச்சு கெடையாது" என்றார். பி பிளாக்கிலிருந்துதான் முதல் கை எழுந்தது.

பத்து மத்தி

திங்கட்கிழமை காலை தேசம்மா அக்கா மாமரத்தடியில் கூடையை இறக்கினார். குழாயைத் திறந்து முகம் கழுவினார். நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்து, இடம் நல்லாத்தான் கீது என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மோகன் சாரின் மனைவி இறாலுக்குச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

நான் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். நூற்று அறுபத்தெட்டையும் சொன்னேன். உங்கள் கொசுறு பெரிய வேலை செய்துவிட்டது அக்கா என்றேன்.

"கொசுறா?" என்றார். "சாமிக்கு யாரும்மா கொசுறு போடுவா? நீங்க ரெண்டு பிளாக்கும் ஒத்த நாமத்துக்கு அடிச்சிகினு கெடந்தீங்க. பேஜாராக் கீதேன்னு ஆளுக்கு ஒண்ணு எழுதி உட்டேன். ஏ-க்கு ஒண்ணு, பி-க்கு ஒண்ணு."

ஏ-வுக்கு ஒன்று, பி-க்கு ஒன்று. கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். வகுத்தலும் வேண்டாம், லேப்டாப்பும் வேண்டாம்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"என்னை யாரும்மா கேட்டீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே மத்தியை எண்ணினார். கூட்டத்துக்கு வீட்டுக்காரர்கள் மட்டும்தான் வரலாம். அவருக்காக அத்தனை நேரம் பேசிய நானும், கேட்டைத் தாண்டி நாலு எட்டு நடந்து, ஏன் அக்கா இரண்டு என்று கேட்கவில்லை. அவரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே.

பத்து எண்ணி முடித்தார். வழக்கம்போல எண்ணாமல் இரண்டைத் தூக்கி மேலே போட்டார். இந்தத் தடவை கேட்டுவிடுவது என்று கேட்டேன். எனக்கு மட்டும் எப்போதும் இரண்டு போடுகிறீர்களே, எதற்கு?

"உனுக்கு ஒண்ணுதாம்மா. இன்னொண்ணு அந்தப் பூனைக்கு. நானும் வருசக் கணக்காப் போட்டுகினுதான் கீறேன், ஏன் இப்டி எளச்சிக் கீது?"

சைபர் என் காலடியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வருடமாக அது தலையும் வாலும்தான் தின்றிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மத்தி, வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், ஏழு வருடம். எழுநூற்று இருபத்தெட்டு. ஏழால் வகுபடும், பதின்மூன்றால் வகுபடும். பூனையோடு பங்கு போட மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.